எம்.புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்

கேள்வி: திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊராட்சி எங்களுடையது. நான் மகளிர் குழுவில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் 120 வீடுகள், எல்லாம் விசைத்தறிக் குடும்பங்கள். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. வீட்டுக்கு வீடு குழாயும் கொடுத்தார்கள். ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை இருபது நிமிடம்தான் தண்ணீர் வருகிறது. 2023–24-இல் போட்ட சிமென்ட் ரோடு அதற்குள் பெயர்ந்துவிட்டது. கிராம சபையில் பலமுறை சொல்லியாயிற்று. இப்போது தலைவர் இல்லை, தனி அலுவலர்தான். கேட்டால் ‘ஃபண்ட் வரவில்லை’ என்கிறார்கள். எல்லையோரம் போகும் ரோட்டைப் பற்றிக் கேட்டால் ‘அது ஆந்திரா லிமிட்’ என்கிறார்கள். ஐந்து வருட வரவு செலவு முழுவதையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்கிறான் என் மகன். பகைத்துக்கொள்வார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்? — ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

மகனை முதலில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடக் கணக்கு முழுவதையும் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ‘ஆவணங்கள் மிக அதிகம், திரட்டித் தர அலுவலகத்தால் இயலாது’ என்று அந்தச் சட்டத்தின் 7(9) பிரிவைக் காட்டிப் பதில் வரும். அல்லது பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டி வாங்கினாலும் அந்தக் காகிதக் கட்டைப் பிரித்துப் படிக்க உங்கள் தெருவில் யாருக்கும் நேரமிருக்காது. கேட்கப்பட்டவருக்கு அது தெரியும்.

கிராம சபையில் நீங்கள் கேட்டது ‘ஏன் தண்ணீர் வரவில்லை, ஏன் ரோடு பெயர்ந்தது’ என்று. ‘ஏன்’ என்பதற்கு வாயால் ஆயிரம் பதில் சொல்லலாம். ‘செய்து முடித்தோம்’ என்று அவர்களே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுத்த காகிதம் ஒன்று எங்கோ இருக்கிறது. அதை வாங்குங்கள், தெருவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒரு வேலை, ஒரு பில், ஒரு அளவுப் புத்தகம் போதும். ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், அதுதான் சுலபம்.

ஊராட்சியில் நடக்கும் எந்தக் கட்டுமான வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு, பிறகு வேலை. வேலை நடக்க நடக்க ஓவர்சியர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார். ஒன்றிய அலுவலகத்தில் எல்லாரும் அதை ‘எம்.புக்’ என்றுதான் சொல்வார்கள். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, கனம் இவ்வளவு என்று அதில் இருக்கும். பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் பில் போகும். எஸ்டிமேட் என்பது செய்யப் போவதாகச் சொன்னது, எம்.புக் என்பது செய்ததாகச் சொன்னது. பல பேர் எஸ்டிமேட்டை மட்டும் வாங்கிக்கொண்டு ஏமாந்துபோகிறார்கள். ‘எஸ்டிமேட்டில் அப்படித்தான் இருந்தது, வேலையின்போது மாற்றினோம்’ என்று சொல்லித் தப்பிக்க வழியுண்டு. எம்.புக்கில் எழுதியதற்கு அந்த வழி கிடையாது.

கையில் ஒரு 30 மீட்டர் டேப், ஒரு அடிஸ்கேல், உடன் இரண்டு பேர் இருந்தால் ரோட்டை நீங்களே அளந்துவிடலாம். நீளம், அகலம் எளிது. கனம்தான் முக்கியம். அதற்காக ரோட்டைத் தோண்டாதீர்கள். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக உங்கள் மேலேயே திரும்பும். பெயர்ந்த ஓரங்களிலும், குழாய் இணைப்புக்காக வெட்டிய இடங்களிலும் கான்கிரீட்டின் வெட்டுமுகம் தெரியும். அங்கே ஸ்கேலை நிறுத்தி, ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுங்கள். ஐந்தாறு இடங்களில் எடுங்கள். ஒரே இடத்தை மட்டும் காட்டினால் ‘அங்கே மேடு இருந்தது’ என்பார்கள். அடியில் இருக்கும் ஜல்லி, கிராவல் படுகையைக் கான்கிரீட்டோடு சேர்த்து அளந்துவிடாதீர்கள். அது தனிக் கணக்கு.

கணக்கைப் பாருங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எம்.புக்கில் எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். வெட்டுமுகத்தில் சராசரி 10 சென்டிமீட்டர்தான் வருகிறது என்றால் தெருவில் கிடப்பது 30 கன மீட்டர். குறைவது 15 கன மீட்டர். எம்-20 கலவை, அதாவது ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்றால் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட் போகும். ஆக, சுமார் 120 மூட்டை சிமென்ட் ரோட்டுக்கு வராமலே பில்லில் வந்திருக்கிறது. ‘தரமில்லாத ரோடு’ என்று எழுதும் மனுவுக்கும், ‘எம்.புக் பக்கத்தில் 15 செ.மீ., தெருவில் ஆறு இடங்களில் 9 முதல் 11 செ.மீ.’ என்று எழுதும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாவதற்கு ‘ஆய்வு செய்யப்படும்’ என்று பதில் வரும். இரண்டாவதை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிவிட்டு உட்கார முடியாது.

கனம் சரியாக இருந்தும் ரோடு பெயரலாம். மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு குறுக்கு வெட்டு போடாவிட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். இரண்டு வாரம் தண்ணீர் கட்டாமல் மூன்றாம் நாளே டிராக்டரை விட்டால் மேல்தோல் மாவாக உதிரும். ரோட்டோரம் மண் அணைக்காவிட்டால் விளிம்பு முதலில் நொறுங்கும். மேலே உதிர்வதா, நடுவில் வெடிப்பதா, ஓரம் உடைவதா என்று பார்த்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பும் வேறு.

இன்னொன்று, ஜல் ஜீவன் (வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசுத் திட்டம்) குழாய் வந்த ஊர்களில் அடிக்கடி பார்ப்பது: முதலில் ரோடு போடுவார்கள், பிறகு குழாய் பதிக்க அதையே வெட்டுவார்கள். வெட்டிய ரோட்டைப் பழையபடி போட்டுக்கொடுக்கும் செலவு பெரும்பாலும் குழாய் வேலையின் எஸ்டிமேட்டிலேயே தனி வரியாக இருக்கும். உங்கள் தெரு ரோடு பெயர்ந்திருப்பது குழாய்ப் பள்ளத்தின் ஓரமாகத்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் ரோட்டு கான்டிராக்டரைத் திட்டிப் பயனில்லை. குழாய் வேலையின் எம்.புக்கில் ‘சாலை மறுசீரமைப்பு’ என்று எத்தனை மீட்டருக்குப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதே எம்.புக்கில் குழாய்ப் பள்ளத்தின் ஆழமும் இருக்கும். 90 சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டு ஒரு அடியில் குழாயைப் புதைத்திருப்பார்கள். லோடு வண்டி ஏறும்போதெல்லாம் குழாய் உடைய அதுவே காரணம். அடுத்த முறை உடைப்பைச் சரிசெய்யத் தோண்டும்போது போய் நின்று ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.

இனி தண்ணீர். ஆபீசுக்குப் போகுமுன் தெருவிலேயே ஒரு கணக்குப் போடுங்கள். 120 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 480 பேர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். மொத்தம் 26,400 லிட்டர். உங்கள் தொட்டி 30,000 லிட்டர். நாளுக்கு ஒருமுறை நிரம்பினாலே போதும். ஆகவே ‘தொட்டி சின்னது’ என்ற பதில் உங்கள் ஊருக்குப் பொருந்தாது. தொட்டி நிரம்பவில்லை, அல்லது நிரம்பியது உங்களை வந்து சேரவில்லை. இரண்டில் எது என்று தெரிய டேங்க் ஆபரேட்டரிடம் சண்டையில்லாமல் பேசினால் போதும். மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார், தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆகிறது? ஆறு மணி நேரத்தில் நிரம்பினால் போர்வெல் மணிக்கு 5,000 லிட்டர் தருகிறது, குறையில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓடியும் பாதிதான் என்றால் போர்வெல்லில் ஊற்று இல்லை, அல்லது மோட்டார் தேய்ந்துவிட்டது, அல்லது வழியில் எங்கோ தண்ணீர் போகிறது.

இங்கே கொஞ்சம் கசப்பான பேச்சு. தெருவில் யாராவது குழாயில் அரை எச்.பி. மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா? தாழ்ந்த தெருவின் கேட் வால்வை முழுக்கத் திறந்துவைத்திருக்கிறார்களா? இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் இருந்து ஒரே ஒருவர் வந்து பார்த்து, ‘உங்கள் ஊர்க்காரர்களே மோட்டார் வைத்திருக்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதிவிட்டால் உங்கள் மற்ற கேள்விகள் எல்லாம் அதோடு போச்சு.

தண்ணீர் விஷயத்தில் பணம் ஒழுகும் இடம் பெரிய பில்கள் அல்ல, சில்லறை வவுச்சர்கள். மோட்டார் ரிப்பேர், பைப்லைன் உடைப்பு, பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு பல்பு. இந்த நான்கு தலைப்பையும் ஒரே ஒரு நிதியாண்டுக்கு மட்டும் கேளுங்கள். வவுச்சர்களோடு இருப்புப் பதிவேட்டையும், தண்ணீர் மோட்டாரின் மின் கட்டணப் பட்டியலையும் கேளுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்தால் பல விஷயம் தானாகப் பேசும்.

5 எச்.பி. மோட்டார் ஒன்று ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 22 யூனிட் ஆகும். முப்பது நாளுக்கு 670 யூனிட் அளவில் வரும்; மோட்டார் பழசென்றால் இன்னும் கொஞ்சம் கூடும். இப்போது ஒரு மாதத்தில் ‘மோட்டார் காயில் எரிந்தது, கழற்றி மாட்டியது’ என்று இரண்டு வவுச்சர் இருக்கிறது, ஆனால் அதே மாதத்து மின் கணக்கில் யூனிட் ஒரு துளியும் குறையவில்லை என்றால், மோட்டார் எப்போது எரிந்தது? எப்போது கழற்றினார்கள்? இதைக் கிராம சபையில் எழுந்து ஒருவர் அமைதியாகக் கேட்டால் போதும். தலைகீழாகவும் நடக்கும். உங்களுக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், ஆனால் மின் கணக்கு நாள் முழுக்க மோட்டார் ஓடியதாகக் காட்டுகிறது. அப்போது தண்ணீர் போகும் இடம் வேறு. அந்த மின் இணைப்பில் வேறு எது ஓடுகிறது என்பதும் பார்க்க வேண்டியது.

பிளீச்சிங் பவுடருக்கும் கணக்கு உண்டு. 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று வைத்தால் உங்கள் தொட்டிக்கு ஒரு நிரப்புக்கு 120 கிராம், மாதத்துக்கு மூன்றரை கிலோவுக்கு மேல் கொஞ்சம். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சி நிற்க வேண்டும். ஊராட்சிக்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டியிலேயே இதைப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. மூட்டை மூட்டையாக வாங்கியதாகக் கணக்கிருந்து, உங்கள் குழாயில் குளோரின் வாடையே இல்லையென்றால் கேள்வி தானே எழும். தொட்டியை 15 நாளுக்கு ஒருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். அந்தத் தேதியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஃபண்ட் வரவில்லை’ என்ற பதிலுக்கு வருகிறேன். இதில் உண்மையும் உண்டு, சாக்கும் உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. திருவள்ளூரும் அதில் சேரும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு உள்ள ஊராட்சிக்குத்தான் மானியம் என்பது 15-ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனை. எனவே தனி அலுவலர் காலத்தில் அந்தப் பணம் வரவில்லை என்று சொன்னால் நம்பலாம். ஜல் ஜீவனிலும் அப்படித்தான். 2024–25-க்கு மத்திய அரசு ஒதுக்கியது 70,163 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அதை 22,694 கோடியாகக் குறைத்துவிட்டார்கள். பல மாநிலங்களில் கான்டிராக்டர்களின் பில் தேங்கிக் கிடந்தது. இதற்கு உங்கள் ஊராட்சி செயலரைக் கோபிப்பதில் நியாயமில்லை.

ஆனால் உங்கள் ரோடு 2023–24-இல் பணம் கொடுத்து முடித்த வேலை, குழாயும் முன்பே போட்டது. அதற்கும் இப்போது வராத ஃபண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆண்டில் வந்த நிதி ஆணைய மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட மானியம்: பாதி குடிநீருக்கும், பாதி சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். அதாவது 10 லட்சம் வந்திருந்தால் 3 லட்சம் குடிநீருக்கென்றே வந்தது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. ‘2023–24-இல் குடிநீருக்கான கட்டுண்ட மானியம் எவ்வளவு வந்தது, எந்தெந்த வேலைக்குப் போனது’ என்று கேளுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஆண்டு என்று தேர்ந்தெடுத்தால் இது வவுச்சர் வரை தெரியும். கைபேசியிலேயே பார்க்கலாம், மகனுக்கு ஒரு சாயங்கால வேலை. ஒரு எச்சரிக்கை: அங்கே பெரும்பாலும் நிதி ஆணையப் பணம்தான் தெரியும். வீட்டு வரி, மாநில நிதி ஆணைய மானியம் ஆகியவை போய்ச் சேரும் ஊராட்சிப் பொது நிதியின் சில்லறைச் செலவுகளை அங்கே தேடிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். தணிக்கைக் குறிப்புகளை ஆடிட்-ஆன்லைன் தளத்தில் தேடுங்கள். ‘வவுச்சர் முன்வைக்கப்படவில்லை’ என்று தணிக்கையாளரே எழுதிவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

தலைவர் இல்லாததில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), அதாவது பி.டி.ஓ. தலைவர் செயலரைக் காட்டுவதும், செயலர் பி.டி.ஓ.வைக் காட்டுவதும் இப்போது கிடையாது. குடிநீர், விளக்கு, சாலை, வடிகால் என்பன தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆம் பிரிவில் ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். தேர்தல் நடக்காததால் அந்தக் கடமை மறைந்துவிடுவதில்லை.

தகவல் மனுவை இப்படி எழுதச் சொல்லுங்கள்:

‘பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம். பொருள்: … ஊராட்சி … தெருவில் 2023–24-இல் போடப்பட்ட சிமென்ட் கான்கிரீட் சாலை. மேற்படி வேலைக்கான (1) மதிப்பீடு, (2) வேலை உத்தரவு, ஒப்பந்தம், (3) அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், (4) தரப் பரிசோதனை அறிக்கை, (5) பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(j)-இன்படி மேற்படி வேலையையும் கோப்பையும் நேரில் ஆய்வு செய்ய நாள், நேரம் தெரிவிக்க வேண்டும்.’

அவ்வளவுதான். குழாய் வேலைக்கும் இதே ஐந்து, ஆனால் தனி மனுவாக. கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்றால் கோப்பு குடிநீர் வடிகால் வாரியத்தில் இருக்கலாம். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’, ‘யார் மேல் நடவடிக்கை எடுத்தீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ஏட்டில் இருப்பதைத்தான் தகவல் அலுவலர் தர வேண்டும். காரணம் விளக்க வேண்டிய கடமை அவருக்கு இல்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் திருப்பிவிடுவார்கள். நேரில் ஆய்வு செய்வதை விட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பில் எதற்குப் பிறகு எது இருக்கிறது, பரிசோதனை அறிக்கைக்கு முந்திய தேதியில் பில் போயிருக்கிறதா என்பதெல்லாம் நகலில் தெரியாது, புரட்டினால்தான் தெரியும். வேலைப் பொருளின் மாதிரியைச் சான்றிட்டு வாங்கும் உரிமைகூட அதே 2(j) பிரிவில் இருக்கிறது. அளவில் பெரிய வேறுபாடு வந்தால் அதையும் கேளுங்கள்.

10 ரூபாய்க்கு ஒட்ட வேண்டியது கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி அனுப்பி, ஒரு மாதம் காத்திருந்து, திருப்பி வாங்கியவர்கள் ஏராளம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குச் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் சரிவராவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஆணையத்தில் காலம் பிடிக்கும், அதை நம்பி மற்றதை நிறுத்திவைக்காதீர்கள். கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) சொல்கிறது. மேல்முறையீட்டில் அந்த வரியை மறக்காமல் எழுதுங்கள்.

பகை பற்றி. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது, 6(2) பிரிவு அதற்காகவே இருக்கிறது. ஆனால் ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டுமே என்பது சட்டப் பிரிவால் தீரும் கவலை அல்ல. ஒரே ஆள் பெயரில் எல்லா மனுவும் போகாமல் குழுவில் வேறு வேறு பெயரில் அனுப்புங்கள். வெளியூரில் இருக்கும் உறவினர்கூடக் கேட்கலாம், இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். ஆளைப் பற்றி எழுதாமல் வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். ‘ஊழல்’, ‘கொள்ளை’ என்ற சொற்கள் மனுவில் வேண்டாம். அளவு பேசட்டும். கணக்கு ஒத்துப்போய்விட்டால் ஒத்துப்போகிறது என்று குழுவில் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது மதிப்பு கூடும்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள், ஆனால் பேசிவிட்டு வந்தால் போதாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உள்ளே நுழையும்போதே வருகைக்கென்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, தீர்மானத்தைப் பிறகு ஆபீசில் உட்கார்ந்து எழுதும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உங்கள் கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டு, வாசிக்கப்பட்டு, எண் போடப்பட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். 500 பேருக்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் குறைவெண் (கோரம்) நிறைவாகும். மகளிர் குழுக்கள் சேர்ந்தாலே அது வந்துவிடும். நீங்கள் வராவிட்டால் குறைவெண் இல்லை என்று கூட்டம் கலைவதும் நடக்கும்.

அளவும் எம்.புக் நகலும் ஒத்துப்போகாத நிலையில், தீர்மான எண்ணைக் குறிப்பிட்டு, படங்களை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பும் அவருடையதே. கேட்க வேண்டியது ‘நடவடிக்கை’ அல்ல. ‘வேறு ஒன்றியத்துப் பொறியாளரைக் கொண்டு, எங்கள் முன்னிலையில் மறு அளவீடு’. அளந்தவரையே மறுபடி அளக்க அனுப்பினால் அதே அளவுதான் வரும். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அது முடியாமல் இருந்தால் கான்டிராக்டர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். ‘ஃபண்ட்’ என்ற பேச்சே எழாது. இந்தத் தேதி கடந்துபோனபின் விழித்துக்கொள்பவர்கள்தான் அதிகம், அதனால் ரோட்டு மனுவை முதலில் அனுப்புங்கள். ஆட்சியர் மட்டத்திலும் அசையவில்லை என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கவென்றே முறைமன்ற நடுவம் இருக்கிறது, அங்கே போகலாம்.

கடைசியாக எல்லையோர ரோடு. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணிப் பகுதி இந்தப் பக்கம் சேர்ந்தபோதே எல்லை முடிவாகிவிட்டது. எந்த அடி யாருடையது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. கிராம வரைபடமும் புல வரைபடமும் தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும். ஆனால் அதைவிட விரைவான வழி ஒன்றியத்தின் சாலைப் பதிவேடு. ஒவ்வொரு ஊராட்சி, ஒன்றியச் சாலையும் பெயர், நீளம், அகலத்தோடு அதில் இருக்கும். ரோடு அந்தப் பதிவேட்டில் இருந்தால் ‘ஆந்திரா லிமிட்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. இல்லாவிட்டால் அந்த ரோட்டுக்கு யாராலும் எஸ்டிமேட் போட முடியாது. முதலில் அதைப் பதிவேட்டில் சேர்க்கக் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். எத்தனை வருடம் மனு கொடுத்தாலும் ரோடு வராமல் இருப்பதற்குப் பல ஊர்களில் இதுதான் காரணம். தரைப்பாலங்களுக்கும் அதே விதி. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிடுவது ஆந்திரா என்றாலும், கொசஸ்தலை ஆற்றில் உடைவது எந்தத் துறையின் பதிவேட்டில் உள்ள பாலமோ அந்தத் துறைதான் கட்ட வேண்டும். ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா என்று மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

உண்மையிலேயே ஒரு துண்டு அந்தப் பக்கம்தான் என்று தெரிந்தால் அங்கேயும் கேட்கலாம். தகவல் உரிமைக்கு மாநில எல்லை கிடையாது. ஆந்திரத்தில் கிராம மட்ட அலுவலகத்துக்குக் கட்டணமே இல்லை, மண்டல (நம் ஒன்றியம் போன்றது) அலுவலகத்துக்கு 5 ரூபாய், அதற்கு மேல் 10 ரூபாய். மனு தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் நம் மாநிலத்துடையது அங்கே செல்லாது. போஸ்டல் ஆர்டர் எடுத்து அனுப்புங்கள். ரோட்டின் பெயரோடு இரு பக்கத்து ஊர்ப் பெயரையும் தெலுங்கில் சரியாக எழுதிவிடுங்கள். பெயர் ஒரு எழுத்து மாறினாலும் ‘அப்படி ஓர் ஊர் எங்கள் மண்டலத்தில் இல்லை’ என்று பதில் வந்துவிடும்.